கெடு தவறாத நிரல்: அரிசி ஆலைக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு நிகழ்நேர மென்பொருள் எழுதும் முழு வழிகாட்டி

நெல்லின் உமியை உரிக்கும் இயந்திரத்துக்குள் இரண்டு றப்பர் ரோல்கள் எதிரெதிராகச் சுழலும். ஒன்று வேகமாக, மற்றது கொஞ்சம் மெதுவாக. நடுவில் விழும் நெல்லின் உமி அந்த வேக வித்தியாசத்தில்தான் உரிகிறது. நெல் வந்துகொண்டிருக்கும் வரை பிரச்சினை இல்லை. நெல் நின்றுவிட்டால் றப்பரும் றப்பரும் நேரடியாக உரசத் தொடங்கும். உடனே இரண்டையும் விலக்க வேண்டும். இல்லாவிட்டால் சூடேறித் தேய்ந்து ரோல் பாழாகும்.

இலங்கையின் கிழக்கே சம்மாந்துறையில் ஓர் ஆலைக்கு நான் முதன்முதலாகச் செய்து கொடுத்த பெட்டியின் வேலை இதுதான்: நெல் நின்றதைக் கண்டுபிடித்து ரோலை விலக்குவது. அதோடு நெல்லை மேலே தூக்கும் எலிவேட்டர் ஓடுகிறதா என்று பார்ப்பது, மோட்டர் கரண்டை அளப்பது, சின்னத் திரையில் காட்டுவது, ஏதும் பிழைத்தால் முதலாளிக்கு எஸ்எம்எஸ் அனுப்புவது. எல்லாவற்றையும் ஒரே லூப்பில் ஒன்றன்பின் ஒன்றாக எழுதியிருந்தேன். வீட்டு மேசையில் மூன்று நாள் பிழையில்லாமல் ஓடியது. ஆலையில் இரண்டாம் நாள் பின்னேரம் றப்பர் கருகும் வாடை வந்தது. இயந்திரம் ஓட்டும் நானா (மூத்தவரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) ஓடிப்போய்க் கையால் லீவரை இழுத்துவிட்டு வந்து சொன்னார்: "தம்பி, நெல்லு நிண்டு எவ்வளவு நேரம், ரோல் இன்னும் விலகல்லயே."

காரணத்தைத் தேட அதிக நேரம் எடுக்கவில்லை. தொட்டியில் நெல் குறைகிறது என்று எஸ்எம்எஸ் அனுப்ப நிரல் போயிருக்கிறது. தகரக் கூரைக்குள் சிக்னல் மோசம். எஸ்எம்எஸ் அனுப்பும் ஜிஎஸ்எம் மொடியூல் "அனுப்பிவிட்டேன்" என்று பதில் சொல்ல ஒரு நிமிடம் வரைகூட எடுக்கும். அந்த நேரம் முழுவதும் என் நிரல் பதிலுக்காகக் காத்து நின்றது. அதற்குள் நெல் தீர்ந்துவிட்டது. ரோலைப் பார்க்க ஆளில்லை.

அந்த ரோல் சோடி வீணாகியது என் பிழையால்தான். அதற்குப் பிறகு பெட்டியை முதலில் இருந்து எழுதினேன். அந்தப் பாதையை அப்படியே இங்கே தருகிறேன். சீ மொழி கொஞ்சம் தெரிந்து, ஆர்டுயினோவில் ஒரு எல்இடியை மின்ன வைத்துப் பார்த்தவர் யாரும் இதைப் பின்தொடரலாம். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவில் பல்கலைக்கழகத்திலோ படிக்கும் பிள்ளைகள் கடைசி ஆண்டுச் செயற்திட்டத்துக்கும் எடுத்துக்கொள்ளலாம்.

நிகழ்நேரம் என்றால் வேகம் அல்ல

பலரும் இங்கேதான் வழி தவறுகிறார்கள். நிகழ்நேர மென்பொருள் என்றதும் வேகமான சிப் வேண்டும் என்று நினைக்கிறார்கள். நான் முதலில் பாவித்ததும் ஈஎஸ்பி32 என்ற வேகமான சிப்தான், 240 மெகாஹேர்ட்ஸ், இரண்டு கோர். வேகத்துக்கு ஒரு குறையும் இல்லை. குறை என்னவென்றால், செய்யவேண்டிய வேலையை அதற்குரிய கெடுவுக்குள் செய்து முடிப்பேன் என்று அந்த நிரல் எனக்கு உறுதி தரவில்லை. ஆயிரம் தடவையில் 999 தடவை 1 மில்லிசெக்கனில் முடித்து, ஒரு தடவை ஒரு நிமிடம் எடுக்கும் நிரலைவிட, எப்போதும் 50 மில்லிசெக்கன் எடுக்கும் நிரல் ஆலைக்கு நல்லது. சராசரியைப் பார்க்காதீர்கள். ஆக மோசமான நேரம் எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள்.

கெடுக்களிலும் வகை உண்டு. சிலது தவறினால் பொருள் சேதம். சிலது தவறினால் அந்த ஒரு அளவீடு வீண், அடுத்தது வரும். சிலது தவறினால் திரை கொஞ்சம் தாமதமாக மாறும், யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். இந்த மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டியதுதான் என் முதல் நிரலின் நோய்.

படி 1: கணினியைத் திறக்க முன் ஆலைக்குள் நடங்கள்

ஒரு கொப்பியும் ஸ்டொப்வொச்சும் போதும். ஒவ்வொரு வேலைக்கும் மூன்று கேள்வி: எது நடந்தால் இந்த வேலை தொடங்க வேண்டும்? எவ்வளவு நேரத்துக்குள் முடிய வேண்டும்? முடியாவிட்டால் என்ன ஆகும்?

ரோலை எடுப்போம். நானாவோடு பேசி ஒரு செக்கனைக் கெடுவாக வைத்தோம். அந்த ஒரு செக்கனை இப்படிப் பிரித்தேன். நெல் விழும்போது இடையிடையே சின்ன இடைவெளி இயல்பாகவே வரும், அதைக் கண்டு ரோலை விலக்கக் கூடாது. ஆகவே 300 மில்லிசெக்கன் தொடர்ந்து நெல் இல்லாவிட்டால்தான் "நின்றுவிட்டது" என்று முடிவெடுப்பேன். சென்ஸரை 20 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை வாசித்தால், தொடர்ந்து 15 வாசிப்பு வெறுமையாக இருக்க வேண்டும். நெல் நின்ற பிறகு முதல் வாசிப்புக்கு அதிகபட்சம் இன்னொரு 20 மில்லிசெக்கன் போகலாம். கணக்கிட 1 மில்லிசெக்கன். காற்று வால்வு திறந்து சிலிண்டர் ரோலை விலக்க 400 மில்லிசெக்கன், இது நான் அளந்தது. மொத்தம் 721. மிச்சம் 279 மில்லிசெக்கன் கையிருப்பு. இந்தக் கையிருப்பை வேறு எதற்கும் செலவழிக்கக் கூடாது. சிலிண்டர் பழசாகும், காற்றழுத்தம் குறையும், அன்றைக்குத் தேவைப்படும்.

எலிவேட்டரின் கதை வேறு. நெல்லை மேலே தூக்கும் வாளிப் பெல்ட் நின்றுவிட்டாலோ வழுக்கினாலோ, கீழே நெல் குவிந்து அடைத்துவிடும். தோண்டி எடுக்க அரைநாள். நான் போன ஆலையில் மணிக்கு 2 தொன் நெல் போகிறது, அதாவது செக்கனுக்கு ஏறக்குறைய 0.55 கிலோ. அடிப்பெட்டியில் இன்னும் 10 கிலோவுக்கு இடம் இருக்கிறது என்றால் அடைக்க 18 செக்கன் எடுக்கும். நெல் வரும் கதவை மூடும் மோட்டருக்கு 3 செக்கன். 5 செக்கனைக் கெடுவாக வைத்தாலும் தாராளம். பார்க்கப் பெரிய இயந்திரம். கெடு ரோலைவிட மிகவும் தளர்வு. நடந்து பார்த்து அளக்காவிட்டால் இது தெரியாது. நான் முதலில் எலிவேட்டருக்குத்தான் முதலிடம் கொடுத்திருந்தேன்.

மோட்டர் கரண்ட், திரை, எஸ்எம்எஸ் மூன்றுக்கும் கெடு இன்னும் தளர்வு. எஸ்எம்எஸ்ஸுக்குக் கெடு என்று ஒன்று இல்லவே இல்லை.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். அவசர நிறுத்தப் பொத்தான் உங்கள் மென்பொருள் வழியாகப் போகக் கூடாது. அது நேராகக் கொண்டாக்டரின் (மோட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பெரிய மின்சுவிட்ச்) கொயில் கரண்டை வெட்ட வேண்டும். மோட்டர் ஓவர்லோட் ரிலேயும் அப்படித்தான். நாங்கள் அளக்கும் கரண்ட் முன்கூட்டி எச்சரிக்க மட்டும். ஒருவரின் கை இயந்திரத்துக்குள் போகும்போது காக்க வேண்டிய வேலையை எந்த நிரலிடமும் ஒப்படைக்காதீர்கள்.

படி 2: பொருட்கள்

சுருக்கமாகச் சொல்கிறேன். ஈஎஸ்பி32 போர்ட் ஒன்று. நெல் வருகிறதா என்று பார்க்க கெப்பாசிட்டிவ் சென்ஸர். ஒளியில் வேலை செய்யும் சென்ஸரை ஆலைத் தூசியும் தவிடும் இரண்டு நாளில் மூடிவிடும். எலிவேட்டரின் கீழ்க் கப்பியில் போல்ட் கடப்பதை எண்ண இன்டக்டிவ் சென்ஸர். இரண்டும் 24 வோல்ட், ஈஎஸ்பி32 தாங்குவது 3.3 வோல்ட். ஆகவே நடுவில், சிக்னலை ஒளியால் கடத்தி இரண்டு பக்கத்தையும் பிரித்து வைக்கும் ஒப்டோகப்ளர் கட்டாயம். வால்வின் கொயிலுக்குக் குறுக்கே ஒரு டயோட். தூசி புகாத பெட்டி. சென்ஸர்கள் மட்டக்களப்பிலோ கல்முனையிலோ கடையில் கிடைக்காவிட்டால் கொழும்பிலிருந்து எடுப்பியுங்கள், ஆனால் இரண்டு இரண்டாக. பெரும்போக அறுவடை நேரம் ஒன்று பழுதானால் மாற்று வரும்வரை ஆலை காத்திருக்காது.

எட்டுச் சனல் லொஜிக் அனலைசர் ஒன்றும் வாங்குங்கள், வயரில் சிக்னல் எப்போது ஏறி எப்போது இறங்கியது என்று காட்டும் கருவி அது. மலிவானதே போதும். இது இல்லாமல் நிகழ்நேர வேலை செய்வது அளவுகோல் இல்லாமல் சட்டை தைப்பது மாதிரி.

படி 3: ஆர்டொஸ் தேவையா?

நிகழ்நேர இயங்குதளத்தை ஆர்டொஸ் என்பார்கள். எல்லாப் பெட்டிக்கும் அது தேவையில்லை. இரண்டு சென்ஸர், ஒரு ரிலே, ஒரு எல்இடி என்றால், எதிலும் காத்து நிற்காத ஒரு லூப்பே போதும். அதுவே பாதுகாப்பும்கூட, ஏனென்றால் முழுவதையும் தலைக்குள் வைத்திருக்கலாம். காத்து நிற்கும் வேலை ஒன்று உள்ளே வந்ததும் கதை மாறுகிறது. ஜிஎஸ்எம், எஸ்டி கார்ட், வலையமைப்பு எல்லாம் அந்த வகை. மற்றவர் எழுதிய லைப்ரரி உள்ளே எவ்வளவு நேரம் நிற்கும் என்று உங்களால் சொல்ல முடியாது. அப்போது ஆர்டொஸ் வேண்டும்.

நான் எடுத்தது ஃப்ரீஆர்டொஸ். ரிச்சர்ட் பேரி என்பவர் 2003 இல் தொடங்கியது. 2017 இலிருந்து அமேசன் பராமரிக்கிறது. இலவசம். ஈஎஸ்பி32 இன் மென்பொருட்களோடு சேர்ந்தே வருகிறது. ஆர்டுயினோவில் ஈஎஸ்பி32 க்கு எழுதுபவர்கள் தெரியாமலே அதன் மேல்தான் ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

அது செய்வது இதுதான். ஒவ்வொரு வேலையும் ஒரு டாஸ்க். ஒவ்வொரு டாஸ்குக்கும் ஒரு முன்னுரிமை எண். ஓடத் தயாராக இருப்பவற்றில் எண் கூடியது எதுவோ அதுதான் ஓடும். குறைந்தது நடுவில் ஓடிக்கொண்டிருந்தாலும் அதை நிறுத்திவிட்டுக் கூடியது உள்ளே வரும். ஃப்ரீஆர்டொஸில் பெரிய எண் பெரிய முன்னுரிமை. விஎக்ஸ்வொர்க்ஸ் போன்ற சிலவற்றில் தலைகீழ், அங்கே பூச்சியம்தான் முதலிடம். வேறொன்றுக்கு மாறும்போது இதை முதலில் பாருங்கள்.

படி 4: முன்னுரிமையைக் கணக்குப் போட்டு வையுங்கள்

எந்த வேலை "முக்கியம்" என்று யோசித்து எண் கொடுக்காதீர்கள். எது அடிக்கடி ஓட வேண்டுமோ அதற்குக் கூடிய எண். 1973 இல் லியூ, லேலண்ட் என்ற இருவர் நிறுவிய முறை இது. ஒவ்வொரு வேலையின் கெடுவும் அதன் அடுத்த முறை வரைதான் என்று வைத்தால், நிலையான முன்னுரிமைகளில் இதைவிட நல்ல ஒழுங்கு இல்லை என்று காட்டினார்கள்.

என் பெட்டியின் கணக்கு:

ரோல்: 20 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை, ஆக மோசமாக 1 மில்லிசெக்கன் எடுக்கும். 5 வீதம்.
எலிவேட்டர்: 50 க்கு ஒருமுறை, 2 எடுக்கும். 4 வீதம்.
மோட்டர் கரண்ட்: 200 க்கு ஒருமுறை, 40 எடுக்கும். 20 வீதம்.
திரை: 500 க்கு ஒருமுறை, 60 எடுக்கும். 12 வீதம்.

கரண்டுக்கு ஏன் 40? எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், ஒரு அலை 20 மில்லிசெக்கன். சரியான அளவுக்கு இரண்டு முழு அலையை எடுக்கிறேன்.

கூட்டினால் 41 வீதம். நான்கு டாஸ்குக்கு லியூ, லேலண்ட் தரும் எல்லை 75.7 வீதம். அதற்குள் இருந்தால் எல்லோரும் கெடுவுக்குள் முடிப்பார்கள் என்பது உறுதி. எல்லையைத் தாண்டினால் தவறும் என்று அர்த்தமில்லை, இன்னும் நுணுக்கமாகப் பார்க்க வேண்டும் என்றுதான் அர்த்தம்.

அந்த நுணுக்கக் கணக்கையும் ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள், விளங்கிவிடும். கரண்ட் டாஸ்க் தொடங்கிய கணத்திலேயே ரோலும் எலிவேட்டரும் விழிக்கின்றன என்று வைப்போம், அதுதான் ஆக மோசம். தன் வேலை 40. அந்த 40 க்குள் ரோல் இரண்டு முறை வரும், 2 போகும். எலிவேட்டர் ஒருமுறை, 2 போகும். இப்போது 44. ஆனால் 44 க்குள் ரோல் மூன்று முறை வந்துவிடும். ஆகவே 45. 45 க்குள்ளும் அதே மூன்று முறைதான், எண் இனி மாறாது. கரண்ட் டாஸ்க் ஆக மோசமாக 45 மில்லிசெக்கனில் முடியும், கெடு 200. திரைக்கும் இப்படியே போட்டால் 112 வரும், கெடு 500. எஸ்எம்எஸ் டாஸ்க் எல்லோருக்கும் கீழே. அது ஒரு நிமிடம் காத்து நின்றாலும் இந்த எண்களில் ஒன்றுகூட அசையாது. என் முதல் நிரலில் இல்லாமல் போனது இதுதான்.

இந்தக் கணக்கு ஒரு கோருக்கானது. ஈஎஸ்பி32 இல் வைஃபை வேலைகள் வழக்கமாக 0 ஆம் கோரில் உயர்ந்த முன்னுரிமையோடு ஓடும். ஆகவே என் நான்கு டாஸ்கையும் 1 ஆம் கோரில் கட்டிவிட்டேன், வைஃபையை அணைத்தும் விட்டேன்.

படி 5: ஆக மோசமான நேரத்தை அளந்து பாருங்கள்

மேலே சொன்ன 1, 2, 40, 60 எங்கிருந்து வந்தன? ஊகமில்லை. ஒவ்வொரு டாஸ்குக்கும் வெறுமையாக இருக்கும் ஒரு பின்னை (சிப்பின் இணைப்புக் கால்) கொடுங்கள். வேலை தொடங்கும்போது பின்னை உயர்த்துங்கள், முடியும்போது இறக்குங்கள். லொஜிக் அனலைசரை மாட்டி ஒரு மணிநேரம் ஓடவிட்டு, ஆக நீளமான துடிப்பைத் தேடுங்கள். பிறகு அதன்மேல் கொஞ்சம் கூட்டுங்கள். என் ரோல் டாஸ்க் அளவில் 0.3 மில்லிசெக்கன்தான் வந்தது, கணக்கில் 1 என்று வைத்தேன்.

அளக்கும்போது மேசையில் ஒரே ஒரு டாஸ்கை மட்டும் ஓடவிட்டு அளக்கவும் வேண்டும், எல்லாம் சேர்ந்து ஓடும்போது அளக்கவும் வேண்டும். முதலாவது வேலை நேரம், இரண்டாவது மறுமொழி நேரம். இரண்டையும் குழப்பினால் கணக்கு முழுவதும் பிழைக்கும்.

படி 6: டாஸ்கை எழுதுதல்

எல்லா டாஸ்குக்கும் ஒரே எலும்புக்கூடுதான். ரோலுக்கு இப்படி:

ரோல் டாஸ்க்:
  கடைசி விழிப்பு = இப்போதைய நேரம்
  வெறுமை எண்ணிக்கை = 0
  எப்போதும் திரும்பத் திரும்ப:
    நெல் இருந்தால் வெறுமை எண்ணிக்கை = 0
    இல்லையென்றால் வெறுமை எண்ணிக்கையில் 1 கூட்டு
    எண்ணிக்கை 15 ஐத் தொட்டால் வால்வின் கரண்டை வெட்டு, செய்தி வரிசையில் "நெல் நின்றது" போடு
    "உயிரோடு இருக்கிறேன்" கொடியை உயர்த்து
    கடைசி விழிப்பிலிருந்து 20 மில்லிசெக்கன் ஆகும்வரை தூங்கு

கடைசி வரியைக் கவனியுங்கள். ஃப்ரீஆர்டொஸில் தூங்க இரண்டு வழி உண்டு. டாஸ்க் டிலே என்பது "இப்போதிலிருந்து 20" என்று எண்ணும். வேலைக்கு எடுத்த நேரமும் அதோடு சேர்ந்து, ஒவ்வொரு சுற்றும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தள்ளிப்போகும். டாஸ்க் டிலே அன்டில் என்பது "போன முறை விழித்ததிலிருந்து 20". சுற்று நகராது. திரும்பத் திரும்ப ஓடும் வேலைக்கு எப்போதும் இரண்டாவதைத்தான் பாவியுங்கள்.

இன்னொன்று: இந்த நேரம் எல்லாம் டிக் என்ற துடிப்பால் எண்ணப்படுகிறது. ஈஎஸ்பி32 ஐத் தயாரிக்கும் எஸ்ப்ரசிஃப் தரும் மூல மென்பொருளில் டிக் இயல்பாகச் செக்கனுக்கு 100, அதாவது 10 மில்லிசெக்கனுக்கு ஒன்று. 5 மில்லிசெக்கன் தூங்கு என்றால் அது பூச்சியமாகி, தூங்காமலே போகலாம். 1000 ஆக மாற்றுங்கள். ஆர்டுயினோவில் அது ஏற்கெனவே 1000.

படி 7: இன்டரப்ட், குறைவாகவே

எலிவேட்டரின் கப்பி நிமிடத்துக்கு 150 சுற்று. நான்கு போல்ட் பதித்திருக்கிறோம். செக்கனுக்கு 10 துடிப்பு, 100 மில்லிசெக்கனுக்கு ஒன்று. 300 மில்லிசெக்கன் துடிப்பே இல்லாவிட்டால் நின்றுவிட்டது. துடிப்புகளின் இடைவெளி கூடிக்கொண்டு போனால் பெல்ட் வழுக்குகிறது.

துடிப்பு வந்ததும் இன்டரப்ட் ஓடும், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் வேலையை இடைநிறுத்தி உடனே ஓடும் ஒரு சின்ன நிரல். அதற்குள் இரண்டே வேலை: நேரத்தைக் குறி, எண்ணிக்கையைக் கூட்டு. அச்சிடாதீர்கள், காத்திருக்காதீர்கள், திரையைத் தொடாதீர்கள். மற்ற டாஸ்குக்குச் செய்தி சொல்ல வேண்டுமென்றால் "ஃப்ரம் ஐஎஸ்ஆர்" என்று முடியும் ஃபங்ஷன்களை மட்டும் பாவியுங்கள். ஃப்ளாஷ் நினைவகத்தில் எதையாவது சேமிக்கும் நேரத்திலும் அந்த இன்டரப்ட் ஓட வேண்டும் என்றால், அதை ஐராம் என்ற உள் நினைவகத்தில் வைத்து, ஐராமில் ஓடுவது என்று பதிவும் செய்ய வேண்டும்.

கொண்டாக்டர் ஒன்று விழும்போது வயரில் பொய்த் துடிப்புகள் கூட்டமாக வரும். உண்மையான போல்ட் 100 மில்லிசெக்கனுக்கு முன் வர முடியாது. ஆகவே முந்திய துடிப்பிலிருந்து 20 மில்லிசெக்கனுக்குள் வருவதைத் தள்ளிவிடுங்கள்.

நேரத்தைக் குறிப்பதில் இரண்டு குழிகள் இருக்கின்றன. ஈஎஸ்பி32 இன் மைக்ரோசெக்கன் கடிகாரம் 64 பிட், சிப்போ 32 பிட். அந்த எண்ணை டாஸ்க் இரண்டு துண்டாக வாசிக்கும். முதல் துண்டை வாசித்து இரண்டாவதை வாசிக்க முன் இன்டரப்ட் புது எண்ணை எழுதிவிட்டால், பாதி பழசு பாதி புதுசு. மாதத்தில் ஒருமுறை வரும், காரணமே பிடிபடாது. 32 பிட்டில் வைத்தால் தப்பலாம், அல்லது வாசிக்கும் அந்தக் கணத்துக்கு இன்டரப்டை மூடுங்கள். 32 பிட் மில்லிசெக்கன் எண் 49.7 நாளில் நிறைந்து பூச்சியத்துக்குத் திரும்பும் என்பது அடுத்த குழி. "இப்போது, அன்றைய நேரம் கூட்டல் 300 ஐவிடப் பெரிதா" என்று கேட்டால் அன்றைக்குப் பிழைக்கும். "இப்போதிலிருந்து அன்றைய நேரத்தைக் கழித்தால் 300 ஐவிடப் பெரிதா" என்று, குறியில்லாத எண்ணில் கேளுங்கள். திரும்பினாலும் சரியாக வரும்.

படி 8: பகிரும்போது வரும் பெரிய ஆபத்து

1997 ஜூலை 4 அன்று பாத்ஃபைண்டர் விண்கலம் செவ்வாயில் இறங்கியது. சில நாளில் அதன் கணினி தானாக ரிசெட் ஆகத் தொடங்கியது. காரணம் இதுதான்: முன்னுரிமை குறைந்த ஒரு டாஸ்க், பகிர்ந்து பாவிக்கும் ஒரு பூட்டைப் பிடித்திருந்தது (பொதுவான ஒன்றை ஒரு நேரத்தில் ஒரு டாஸ்க் மட்டும் தொட வைப்பதுதான் பூட்டு). உயர்ந்த டாஸ்க் அந்தப் பூட்டுக்காகக் காத்தது. நடுவில் இருந்த வேறொரு டாஸ்க், பூட்டோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதது, குறைந்ததை ஓடவிடாமல் தள்ளியது. ஆக, உயர்ந்தது நடுவானதுக்காகக் காத்து நின்ற மாதிரி ஆகிவிட்டது. முன்னுரிமை தலைகீழ். வேலை நேரத்துக்கு நடக்கிறதா என்று காவல் பார்க்கும் வாட்ச்டோக் அதைக் கண்டு கணினியை ரிசெட் செய்தது. பூட்டில் முன்னுரிமையைக் கடன் கொடுக்கும் ஒரு வசதி அணைக்கப்பட்டிருந்தது. பூமியிலிருந்தே அதை இயக்கிச் சரிசெய்தார்கள்.

என் இரண்டாவது நிரலிலும் இதே நோய் இருந்தது. நெல் சென்ஸரை, பின் போதவில்லை என்று ஒரு விரிவாக்கச் சிப் வழியாக, திரை பாவிக்கும் அதே இரண்டு வயர் பஸ்ஸில் (சிப்கள் பேசிக்கொள்ளும் பொதுப் பாதை) வைத்திருந்தேன். திரை டாஸ்க் பஸ்ஸைப் பிடிக்கும். ரோல் டாஸ்க் காக்கும். நடுவில் கரண்ட் டாஸ்க் வந்து 40 மில்லிசெக்கன் உட்காரும். அனலைசரில் ரோலின் 20 மில்லிசெக்கன் துடிப்பு சில இடங்களில் 100 ஐத் தாண்டி இழுபட்டுக் கிடந்தது. பார்த்த கணமே விளங்கிவிட்டது.

பூட்டுக்கு ஃப்ரீஆர்டொஸின் மியூடெக்ஸைப் பாவியுங்கள், பைனரி செமாஃபோரை அல்ல. மியூடெக்ஸ் பிடித்திருப்பவருக்கு, காத்திருப்பவரின் முன்னுரிமையைக் கடன் கொடுக்கும். செமாஃபோர் கொடுக்காது. ஆனால் கடன் கொடுத்தாலும் திரை தன் 60 மில்லிசெக்கனை முடிக்கும்வரை ரோல் காக்கத்தான் வேண்டும். ஆகவே நான் செய்தது எளிது: நெல் சென்ஸரை நேராக ஈஎஸ்பி32 இன் ஒரு பின்னுக்கு மாற்றினேன். படி 4 இன் கணக்கு அதற்குப் பிறகுதான் உண்மையானது. இறுக்கமான கெடு உள்ள வேலை, யாரோடும் எதையும் பகிராமல் இருப்பதே நல்லது. தகவல் சொல்ல வேண்டுமென்றால் செய்தி வரிசையில் போட்டுவிட்டுப் போகட்டும், வரிசை நிறைந்திருந்தாலும் காத்து நிற்காமல்.

படி 9: விழுந்தால் எப்படி விழ வேண்டும்

ஆலையில் பெரிய மோட்டர் தொடங்கும்போது வோல்ட் இறங்கும். கரண்ட் போய்ப் போய் வரும். ஈஎஸ்பி32 ரிசெட் ஆகத்தான் போகிறது. அந்த நேரம் எது எந்த நிலையில் இருக்கும் என்று முன்கூட்டியே முடிவெடுங்கள். எங்கள் வால்வுக்குக் கரண்ட் இருந்தால்தான் ரோல் சேர்ந்திருக்கும். கரண்ட் போனாலோ சிப் செத்தாலோ ஸ்பிரிங் ரோலை விலக்கும். வெளியீட்டுப் பின்னில் நிலத்துக்கு ஒரு ரெசிஸ்டர் போடுங்கள், 0, 2, 5, 12, 15 ஆம் பின்களை இதற்கு எடுக்காதீர்கள். சிப் எழும் நேரத்தில் அவற்றுக்கு வேறு வேலை உண்டு. ரிசெட்டுக்குப் பிறகு இயந்திரம் தானாகத் தொடங்கக் கூடாது, நானா பொத்தானை அழுத்த வேண்டும். உள்ளே யாராவது கை வைத்திருக்கலாம்.

வாட்ச்டோக்குக்கு ஒரு டைமரில் இருந்து சும்மா தட்டிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். எல்லா டாஸ்கும் செத்தாலும் டைமர் தட்டிக்கொண்டே இருக்கும், பயனில்லை. ஒவ்வொரு டாஸ்கும் தன் கொடியை உயர்த்தட்டும். மேற்பார்வை டாஸ்க் ஒன்று எல்லாக் கொடியும் உயர்ந்திருந்தால் மட்டும் வாட்ச்டோக்கைத் தட்டி, கொடிகளை இறக்கட்டும். எஸ்எம்எஸ் டாஸ்கை இந்தக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள்.

ஒவ்வொரு டாஸ்குக்கும் ஸ்டாக் நினைவகம் (ஓடும்போது தற்காலிகமாக எழுதிவைக்கும் இடம்) தனி. எவ்வளவு மிச்சம் என்று கேட்கும் வசதி ஃப்ரீஆர்டொஸில் உண்டு. ஒரு நாள் ஓடவிட்டுப் பார்த்து, கால்வாசியாவது மிச்சம் இருக்கும்படி வையுங்கள். ஈஎஸ்பி32 இல் அந்த அளவு பைட்டில், பல சிப்களில் வேர்டில். அதோடு, நிரல் தொடங்கிய பிறகு புது நினைவகம் கேட்காதீர்கள். ஆர்டுயினோவின் ஸ்ட்ரிங் இதைச் சத்தமில்லாமல் செய்யும், கிழமைக் கணக்கில் ஓடும் பெட்டிக்கு அது ஆகாது.

படி 10: கெடுக்கப் பாருங்கள்

மேசையில் நன்றாக ஓடியது என்பது ஒன்றையும் காட்டாது என்று நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஜிஎஸ்எம் அன்டெனாவைக் கழற்றிவிட்டு எஸ்எம்எஸ்ஸை விடாமல் அனுப்பச் சொல்லுங்கள், அதே நேரம் நெல் சென்ஸரை வெறுமையாக்குங்கள். இன்டக்டிவ் சென்ஸரின் முகத்தில் ஸ்க்ரூட்ரைவரை வேகமாக ஆட்டுங்கள். திரையின் வயரைப் பிடுங்குங்கள். ஒரு கொண்டாக்டரை நூறு தடவை போட்டுப் போட்டு அணையுங்கள். ஒவ்வொன்றிலும் அனலைசரில் ரோலின் துடிப்பைப் பாருங்கள். எங்கள் பெட்டியில் அன்டெனா இல்லாத நிலையில், நெல் நின்றதிலிருந்து ரோல் விலகியது வரை ஆக மோசமாக 730 மில்லிசெக்கன் வந்தது. கணக்கில் 721. ஒன்பதுக்குக் காரணம் வால்வின் ரிலே, நான் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்துக்கொண்டேன்.

பிறகு ஆலையில் ஒரு கிழமை, பெட்டியை வால்வோடு இணைக்காமல், எல்இடி மட்டும் எரியும்படி. நானா கையால் லீவரை இழுக்கும் நேரத்தையும் எல்இடி எரியும் நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தோம். அவருக்கு நம்பிக்கை வந்த பிறகுதான் வால்வை இணைத்தோம்.

கடைசியாகப் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டுங்கள். எந்தப் பின் எந்த வயர், ஒவ்வொரு டாஸ்கின் கெடு, அளந்த ஆக மோசமான நேரம், கைமுறைக்கு மாற்றும் சுவிட்ச் எது, எந்த நிறத்தில் விளக்கு எரிந்தால் என்ன அர்த்தம் என்று எல்லாம் அதில் இருக்கட்டும். எங்கள் தாளில் நானா பேனையால் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு மில் நிப்பாட்டியதும் நெல்லு சென்ஸர் முகத்தைத் துணியால துடைக்க."